நாலு கோடி இலக்கப் பகா எண்ணை ஒரே தாளில் விசாரிப்பது எப்படி?

2024 அக்டோபரில் லூக் டுராண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டுபிடித்த பகா எண்: 2^136279841 − 1. முழுதாக எழுதிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது, அவசியமும் இல்லை. ஒரு தாள், போனில் உள்ள கால்குலேட்டர், இவை போதும்.

நான் எப்போதும் வால் பக்கமிருந்துதான் தொடங்குவேன். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று மாறி மாறி முடியும். அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2-இல் முடியும். ஒன்றைக் கழித்தால் கடைசி இலக்கம் 1. கடைசி இரண்டு இலக்கங்கள் 20 அடுக்குக்கு ஒருமுறை திரும்ப வரும். 20-ஆல் வகுத்தாலும் மீதி 1தான். ஆனால் 2^1 அந்தச் சுழலில் சேராது, 2^21-ஐப் பாருங்கள்: 2097152. எனவே 52, ஒன்று போக 51.

அடுத்து, மொத்தம் எத்தனை இலக்கம்? அடுக்கை 2-இன் மடக்கையால் (log 2) பெருக்க வேண்டும். பள்ளியில் படித்த 0.30103 இங்கே காலை வாரிவிடும்: 4,10,24,320.54 என்று வந்து ஓர் இலக்கம் கூடுதலாகக் காட்டும். 0.301029995664 என்று போடுங்கள். விடை 4,10,24,319.945. முழு எண் பகுதியோடு 1 கூட்டினால் 4,10,24,320 இலக்கங்கள். மிச்சமிருக்கும் 0.945-ஐ 10-க்கு அடுக்காக்கினால் 8.8 சொச்சம், ஆக, எண் 8-இல் தொடங்குகிறது.

சரி, பகா எண்தானா என்று எப்படிச் சோதிப்பது? அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 2^11 − 1 = 2047 = 23 × 89. இதற்கென்றே லூகாஸ்–லேமர் சோதனை இருக்கிறது. எனக்கு இதில் பிடித்ததே, வகுத்தலே வேண்டாம் என்பதுதான். 2^7 − 1 = 127-ஐ எடுத்துக்கொள்வோம். 4-இல் தொடங்கி, வர்க்கமாக்கி 2 கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கில் 2 குறைத்து அத்தனை முறை, இங்கே அடுக்கு 7 என்பதால் 5 முறை. மீதி காண 127-ஆல் வகுக்க வேண்டாம்: 128-களாகப் பிரித்து, எத்தனை 128 என்பதையும் மிச்சத்தையும் கூட்டினால் போதும்.

14 வரும். பிறகு 194. இதில் 128 ஒன்று, மிச்சம் 66. இரண்டையும் கூட்டினால் 67, அதுவே மீதி! 67-இன் வர்க்கத்தில் 2 போக 4487: அதில் 128 முப்பத்தைந்து, மிச்சம் 7, கூட்டினால் 42. அடுத்தது 1762: 13-உம் 98-உம் 111. கடைசியாக 12319: 96-உம் 31-உம் 127, அதாவது பூஜ்யம். கடைசிப் படியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. கணினிக்கு இரும எண்ணில் இது வெட்டி ஒட்டுகிற வேலைதான். இவ்வளவு சுலபமான சோதனை இருப்பதால்தான் மிகப் பெரிய பகா எண்களைத் தேடுபவர்கள் பெரும்பாலும் 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த இந்த வடிவத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். டுராண்டின் எண்ணுக்கு இதையே 13,62,79,839 முறை செய்ய வேண்டும்.

அப்புறம் நீங்களே 2^13 − 1 = 8191-ஐச் செய்து பாருங்கள். இங்கே 8192-ஆல் பிரிக்க வேண்டும், மொத்தம் 11 படி. கூட்டுத்தொகை 8191-ஐத் தாண்டினால் ஒருமுறை கழித்துக்கொள்ளுங்கள். ஏழாவது படியில் 36 வர வேண்டும், பத்தாவதில் 128. 36 வராவிட்டால் பிழை அதற்கு முன்பே இருக்கிறது. மூன்றாம் படியில் 4870 வந்ததா என்று முதலில் சரிபாருங்கள்.