எதுவரை வந்துவிட்டீர்? அனிமே, மங்கா பற்றிக் கூடிப் பேசுவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் ஏழெட்டுப் பேர் கூடி, யப்பானியக் கார்ட்டூன் தொடர்களான அனிமே பற்றியும் யப்பானியச் சித்திரக்கதைகளான மங்கா பற்றியும் பேசி வருகிறோம். ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் வாங்கில் இருந்து கேட்டு விவாதித்த இடம் அது. அதே வாங்குகளில் இருந்துதான் இப்போது புதிதாக வந்த தொடர்களைப் பற்றியும் மனதுக்குப் பிடித்த பழைய தொடர்களைப் பற்றியும் வாதாடுகிறோம். யாழ்ப்பாணத்தில் வேறு ஊர்களிலும் இப்படிக் கூட விரும்புகிறவர்கள் இருப்பார்கள் என்று நம்பி, நாங்கள் பிழைவிட்டுக் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

எவருடனும் ஒரு தொடரைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், "எதுவரை வந்துவிட்டீர்?" என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் நாங்கள் ஒருமுறை பட்டுவிட்டோம். புதிதாக வந்த பாடசாலை மாணவன் ஒருவன், 37 பகுதிகள் கொண்ட 'டெத் நோட்' தொடரில் ஏறக்குறைய 20 பகுதிகளைப் பார்த்துவிட்டு, இனி என்ன நடக்கும் என்ற தன் ஊகங்களை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தான். அவன் வாசித்து முடிப்பதற்குள் எங்களில் ஒருவர், உற்சாகத்தில், முக்கிய பாத்திரம் ஒன்றுக்கு நேரப்போவதைச் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டான்; அடுத்த இரண்டு கிழமைகளும் அவன் வரவில்லை. ஒரு கதையை முதன்முறையாகப் பார்க்கும் அனுபவம் ஒருவருக்கு ஒரு தடவைதான் கிடைக்கும் என்பதால், அதைப் பறிப்பதை நான் சிறிய குற்றமாக எண்ணுவதில்லை. ஆகவே, வட்டத்தில் மிகவும் பின்னால் நிற்பவர் எந்த இடத்தில் நிற்கிறாரோ, அன்றைய பேச்சும் அந்த இடத்தோடு நிற்க வேண்டும் என்பது எங்கள் முதல் விதி.

எதுவரை என்று கேட்டால் மட்டும் போதாது. எந்த வடிவத்தில் என்றும் கேட்க வேண்டும். 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' இதற்குச் சிறந்த உதாரணம். ஹிரோமு அரகாவா அந்த மங்காவை 2001 முதல் 2010 வரை மாத இதழ் ஒன்றில் எழுதினார். முதலாவது அனிமே 2003இல், மூலக்கதை பாதிவழியில் இருந்தபோதே தொடங்கியதால், 51 பகுதிகளில் தனக்கென வேறொரு முடிவைத் தேடிக்கொண்டது. 2009இல் வந்த இரண்டாவது அனிமே 64 பகுதிகளில் மங்காவைப் பின்தொடர்ந்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பார்த்த இருவர் ஒரே கதையைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அரைமணி நேரம் முரண்பட்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன். 'வன் பீஸ்' விடயத்திலும் இப்படித்தான். மங்கா 1997இலும் அனிமே 1999இலும் தொடங்கின. கிழமைதோறும் ஒளிபரப்பாகிய அனிமே மங்காவை முந்திவிடக் கூடாது என்பதற்காகக் காட்சிகளை நீட்டியே நடந்தது. கதை இழுபடுகிறது என்று ஒருவர் குறைகூறினால், அவர் வாசித்தாரா பார்த்தாரா என்பதை அறிந்த பின்னரே மறுமொழி சொல்லுங்கள்.

புதிய தொடர்களைப் பின்தொடர்கிறவர்கள் நேரக் கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். யப்பானில் புதிய தொடர்கள் பெரும்பாலும் தை, சித்திரை, ஆடி, ஐப்பசி மாதங்களை ஒட்டி, அதாவது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்ரோபரில் தொடங்குகின்றன. ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய 12 அல்லது 13 பகுதிகள் வரும். அவர்களது நேரம் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் முந்தியது. நள்ளிரவுக்குப் பின் வரும் நிகழ்ச்சிகளை அங்கே முந்தைய நாளின் கணக்கிலேயே எழுதும் வழக்கம் உண்டு: வெள்ளி 25:30 என்று கண்டால் அது சனி அதிகாலை 1:30, எங்களுக்கோ வெள்ளி இரவு 10 மணி. இதை விளங்காமல் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தவர்கள் எங்களிடையே உண்டு. 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழின் புதிய அத்தியாயங்கள் 'மங்கா பிளஸ்' செயலியில் வழமையாக ஞாயிறு இரவு 8:30க்கு எங்களுக்குக் கிடைக்கின்றன. முதல் சில அத்தியாயங்களையும் கடைசிச் சில அத்தியாயங்களையும் பதிப்பகமே அங்கே இலவசமாகத் தருவதால், திருட்டுத் தளங்களை நாட வேண்டிய தேவையும் குறைகிறது. ஞாயிறு இரவிலிருந்து புதன் இரவு வரை புதிய அத்தியாயம் பற்றி வட்ஸ்அப் குழுவில் எவரும் எழுதுவதில்லை என்று நாங்கள் ஒப்பந்தம் செய்திருக்கிறோம்.

இனி, பேசும்போது எதைப் பேசுவது? "நல்லாயிருந்தது", "சுமார்" என்பவற்றோடு பேச்சு முடிந்துவிட்டால் அது உரையாடல் ஆகாது. ஒரு பக்கத்தையோ ஒரு காட்சியையோ கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். மங்காவை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும் என்பதைப் புதியவருக்கு வாயால் சொல்லாமல், வலதுபக்க மேல் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள்; என் மைத்துனி முதல் நாளில் இடமிருந்து வாசித்து, மறுமொழியை முதலிலும் கேள்வியைப் பின்னரும் படித்துக் குழம்பினாள். கட்டங்களுக்குள் பெரிதாக வரையப்பட்டிருக்கும் ஒலிக்குறிப்புகளையும் கவனியுங்கள். நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு 'டொக்கிடொக்கி', மின்னுவதற்கு 'கிராகிரா' என்று அவர்கள் எழுதும் இடத்தில் எங்களுக்குப் 'படபட', 'பளபள' என்பவை நாவில் ஆயத்தமாக இருக்கின்றன. பாடசாலையில் இரட்டைக்கிளவி என்று படித்த பாடம் இங்கே உயிர்பெறுகிறது. மௌனத்துக்குக்கூட 'ஷீன்' என்று ஒரு குறிப்பு அவர்களிடம் உண்டு. அதற்கு ஈடான தமிழைத் தேடி ஒரு பின்னேரத்தையே செலவிட்டோம். 'கப்சிப்' என்பது வாய்கள் அடங்குவதைச் சொல்லுமே தவிர, வெறும் அறையின் அமைதியைச் சொல்லாது என்ற இடத்தில் பேச்சு நின்றது. எனக்கு அது மிகவும் பிடித்த பின்னேரம்.

எங்கள் ஊர்த் தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்தக் கலையில் ஒரு தனி அனுகூலம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆங்கிலச் சப்டைட்டிலில் எதிரே நிற்பவர் யாராயினும் ஒரே 'யூ'தான். யப்பானிய மொழியிலோ 'அனத்தா', 'கிமி', 'ஒமாயெ', பகையோடு சொல்லும் 'கிசமா' எனப் பல படிகள் உண்டு. 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்ற மூன்று படிகளில் அன்றாடம் பேசுகிற எங்களுக்கு, நேற்றுவரை 'நீர்' என்றவர் இன்று 'நீ' என்று சொன்னால் அது நெருக்கமா கோபமா என்பது கேட்டவுடனே விளங்கும். ஆகவே சப்டைட்டிலை மட்டும் நம்பாமல் காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' தொடரில் பிரமாண்டமான இரும்புக் கவசத்துக்குள் உயிர் மட்டும் கட்டுண்டிருக்கும் தம்பி, தன்னைப் 'பொக்கு' என்ற மென்மையான சொல்லால் குறிப்பிடுகிறான். அண்ணனோ 'ஒரெ' என்ற முரட்டுச் சொல்லைப் பயன்படுத்துகிறான். தம்பி 'நீஸன்' என்று கூப்பிடுவதைச் சப்டைட்டில் 'பிரதர்' என்று எழுதும்போது அதில் ஓர் அந்நியத்தன்மை ஒட்டிக்கொள்கிறது. அதை 'அண்ணா' என்று மனதுக்குள் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்த இரும்புக்குள் இருப்பது ஒரு சிறு பையன் என்பது அப்போதுதான் முழுதாக உறைக்கும்.

ஒருவருக்குப் புதிய தொடரைச் சிபாரிசு செய்யும்போது உங்களுக்குப் பிடித்ததைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். அவர் கடைசியாக விரும்பிப் பார்த்த படம் எது, வாசித்த கதை எது என்று கேட்டுவிட்டுத் தெரிவு செய்யுங்கள். ஷோனென் (பையன்கள்), ஷோஜோ (சிறுமியர்), செய்னென் (வளர்ந்த ஆண்கள்), ஜொசெய் (வளர்ந்த பெண்கள்) என்பவை எந்த வயது ஆண்களை அல்லது பெண்களை நோக்கி ஓர் இதழ் வெளிவருகிறது என்பதைக் குறிக்கும் பிரிவுகளே தவிர, கதையின் தரத்தைக் குறிப்பவை அல்ல. அனிமே சிறுவர்களுக்கு மட்டுமானது என்று நினைத்திருந்த என் சின்னம்மாவுக்கு நான் காட்டியது, 2023இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'ஃபிரீரன்'. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழும் ஒருத்தி, தோழர்களோடு பத்து ஆண்டுப் பயணத்தை முடித்துப் பிரிந்து, ஐம்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும்போது, அத்தோழர்களில் இளைஞனாக இருந்த ஒருவன் கிழவனாக நிற்கிறான். இதற்கு மேல் சொல்ல மாட்டேன். வெளிநாட்டிலிருந்து முப்பது வருடங்களின் பின் வந்திறங்கிய அண்ணனை வாசலில் வைத்து அடையாளம் காணத் தடுமாறியவர் சின்னம்மா. அந்தக் காட்சியில் அவர் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி வைத்துக்கொண்டு வந்து, மீண்டும் தொடக்கத்திலிருந்து போடச் சொன்னார்.

கலையுமுன், அடுத்த கிழமை எதைப் பேசுவது என்று தீர்மானித்து, எதுவரை பார்த்துவர வேண்டும் என்பதைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். கொப்பியை மூடிக்கொண்டு போன அந்த மாணவன் மூன்றாம் கிழமை திரும்பி வந்தான். இப்போது அதை எழுதும் பொறுப்பு அவனுடையது. இந்தக் கிழமை அவன் எழுதியிருப்பது: 'ஃபிரீரன், 4ஆம் பகுதி வரை மட்டும்.' கடைசிச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடுகள் போட்டிருக்கிறான்.