தனியா, கம்மி காசுல ஜப்பான் பவுடர் ஸ்னோ: ஸ்னோபோர்டு ட்ரிப் பிளான் பண்றது எப்படி?

முன்னாடி எல்லாம் ஊர்லேருந்து போன் வந்தா சகுரா எப்போ பூக்கும்னு கேப்பாங்க, இப்போ ரெண்டு வருஷமா "டேய் அந்த பவுடர் ஸ்னோ வீடியோ பாத்தேன், தனியா வந்தா எவ்ளோடா ஆகும்"னு கேக்குறாங்க. பவுடர் ஸ்னோன்னா மாவு மாதிரி இறுகாம லேசா கெடக்கிற புதுப் பனி, ரெண்டு காலையும் ஒரே பலகைல மாட்டிக்கிட்டு அதுல சறுக்குறதுதான் ஸ்னோபோர்டு. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் போட்டு எனக்கு தொண்டை கட்டினதுதான் மிச்சம், அதான் ஒரேடியா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் டோக்கியோல வேலை பாக்குறேன், பெரிய ரைடர் எல்லாம் இல்ல, 27 வயசுலதான் பனியையே மொதமொதல்ல கையால தொட்டேன். ஆனா நாலு சீசன் தனியா, சொந்தக் காசுல போயிட்டு வந்ததுல எங்க காசு வீணாகும், எங்க உயிருக்கே ஆபத்துன்னு ஓரளவு தெரியும்.

ஸ்டெப் 1: பனி எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க

இது ஜியாகரஃபி கிளாஸ் இல்ல, தேதியும் ஊரும் செலக்ட் பண்ண இதுதான் அடிப்படை. குளிர்காலத்துல சைபீரியாலேருந்து வறண்ட குளிர் காத்து கெளம்பி ஜப்பான் கடல் மேல வரும். கடல் அதவிட சூடு, அதனால இட்லிப் பானைய தொறந்தா வர்ற மாதிரி ஆவிய அள்ளிக்கிட்டு வந்து நடுவுல நிக்கிற மலைல மோதி மேல ஏறும், ஏறுனதும் எல்லாத்தையும் பனியா கொட்டிட்டுப் போயிரும். அதான் மேற்குப் பக்கம் நீகாதா, நாகானோ வடக்கு, ஹொக்கைடோ எல்லாம் வெள்ளையா கெடக்கும்போது டோக்கியோல பளிச்னு வெயில் அடிக்கும். ஷின்கான்சென் புல்லட் ட்ரெயின்ல நீகாதால இருக்கிற யுசாவா போறப்போ சுமார் 22 கிலோமீட்டர் நீளத்துல தாய்-ஷிமிசுன்னு ஒரு டனல் வரும், குன்மா பக்கம் உள்ள போறப்போ நீல வானம், நீகாதா பக்கம் வெளிய வந்தா ஜன்னல் முழுக்க வெள்ளை. மொத தடவை நான் கண்ணாடிதான் வேர்த்துப் போச்சுன்னு நெனச்சு கைக்குட்டைய வச்சுத் தொடச்சேன்.

ஸ்டெப் 2: தேதி

ஜனவரி நடுவுலேருந்து பிப்ரவரி நடு வரைக்கும். டிசம்பர்ல வந்தா பனி இன்னும் செட் ஆகாம புல்லும் மூங்கிலும் வெளிய தெரியும், மார்ச்ல வெயில் பட்டு கஞ்சி மாதிரி ஆயிரும். நியூ இயர் வாரம், சைனீஸ் நியூ இயர், ஜனவரி ரெண்டாவது திங்கள ஒட்டி வர்ற லீவு, பிப்ரவரி 11, 23 பக்கம் வர்ற லீவு, இதெல்லாம் தவிர்த்துடுங்க. ரூம் விலையும் ஏறும், மலை மேல ஏத்திவிடுற லிஃப்ட் லைனும் நீளும். ஞாயிறு சாயந்தரம் போய் சேந்து சனிக்கிழமை காலைல கெளம்புற மாதிரி போடுங்க, வீக்டேல அரைக் கூட்டம்கூட இருக்காது. தனியா போறதுல பெரிய லாபமே இதுதான், நாலு பேர் லீவ் ஒத்துப்போகணும்னு காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்.

ஸ்டெப் 3: ஊரு

எல்லாரும் மொதல்ல சொல்றது ஹொக்கைடோல இருக்கிற நிசெகோ. பனி அட்டகாசம், சந்தேகமே இல்ல, ஆனா லிஃப்ட், சாப்பாடு, ரூம் எல்லாமே வெளிநாட்டு விலை, கம்மி பட்ஜெட்டுக்கு செட் ஆகாது. பனிக்கு ரிசார்ட் பேரு தெரியாதுங்க, அதே மேகம் பக்கத்து சின்ன மலைலயும் கொட்டும்.

என் சாய்ஸ் நீகாதால இருக்கிற மியோகோ, அதுல அகாகுரா ஆன்சென். ஆன்சென்னா வெந்நீர் ஊற்று, அப்படி ஒரு பழைய ஊரு, 2454 மீட்டர் மியோகோ மலை அடிவாரம், சின்னச் சின்ன லாட்ஜ் நெறைய. சுத்தி அகாகுரா கான்கோ, இகெனொதைரா, சுகினொஹாரா, செகி ஆன்சென்னு அடுத்தடுத்து மலை இருக்கு. இகெனொதைரா அகலமா பிகினருக்கு ஏத்தது, சுகினொஹாரால 8.5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே ரன் (சறுக்கி இறங்குற பாதை) இருக்கு, கால் கதறும். செகி ரொம்ப குட்டி இடம், ஆனா பவுடர் பைத்தியங்க எல்லாம் அங்கதான் போவாங்க. மொத ட்ரிப்புக்கு அது வேண்டாம்.

ரெண்டு நாள்தான் இருக்குன்னா காலா யுசாவா. டோக்கியோலேருந்து 75 நிமிஷம் சுமாருக்கு ஷின்கான்சென், ஸ்டேஷன் பில்டிங்லயே ரெண்டல், மலை மேல போக அங்கேயே கோண்டோலா. கூட்டம் இருக்கும், பனியும் கொஞ்சம் ஈரம்தான், ஆனா போர்டு ஒத்துவருமான்னு பாக்க இதவிட சுலபமான இடம் கெடையாது. ஹொக்கைடோதான் வேணும்னு அடம் பிடிச்சா, நரிதாலேருந்து பட்ஜெட் ஃபிளைட்ல ஷின் சிதோசே போய் சப்போரோ சிட்டிலயே சீப்பா தங்கி, பஸ்ல தெய்னே, கொகுசாய்னு பக்கத்து மலைங்களுக்குப் போயிட்டு வாங்க. பிப்ரவரி தொடக்கத்துல ஸ்னோ ஃபெஸ்டிவல் சமயம் மட்டும் வேண்டாம், ரூம் விலை எகிறிடும்.

எதுவானாலும் ஒரே ஊர்ல தங்குங்க. அஞ்சு நாள்ல மூணு ஊருன்னு பிளான் போட்டா போர்டு பேக தூக்கிக்கிட்டு ஸ்டேஷன் படி ஏறுறதுலயே ட்ரிப் முடிஞ்சிரும்.

ஸ்டெப் 4: விசா, இன்சூரன்ஸ்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்னா விசா எடுத்தே ஆகணும், சிங்கப்பூர், மலேசியா மக்களுக்கு சும்மா சுத்திப் பாக்க விசா தேவையில்ல. இன்சூரன்ஸ்ல "விண்டர் ஸ்போர்ட்ஸ்"னு தனியா ஒரு டிக் இருக்கும், அத போடாம எடுத்தா வேஸ்ட்டு, அதுலயும் ரிசார்ட் எல்லைக்கு வெளிய போனா கவர் இல்லைன்னு பொடி எழுத்துல இருக்கும், படிச்சுடுங்க.

ஸ்டெப் 5: போற வழி

நாடு முழுக்க போற 7 நாள் ஜேஆர் ரயில் பாஸ் 2023 அக்டோபர்ல 50,000 யென் ஆயிருச்சு, இந்த ட்ரிப்புக்கு அது வேண்டவே வேண்டாம். டோக்கியோ டு நாகானோ ஷின்கான்சென் ஒன்றரை மணி நேரம், 8,000 யென் சுமாருக்கு. அங்கேருந்து ஷினானோ ரயில்வேன்னு லோக்கல் ட்ரெயின், 45 நிமிஷத்துல மியோகோ-கோகென், அது தனி கம்பெனி, ஜேஆர் பாஸ் செல்லாது. ஸ்டேஷன்லேருந்து அகாகுராவுக்கு பஸ், இல்ல லாட்ஜ்காரங்களுக்கு முன்னாடியே மெயில் போட்டா வந்து கூட்டிட்டுப் போவாங்க, பல இடத்துல அது ஃப்ரீ. இன்னும் மிச்சம் பிடிக்கணும்னா ஷின்ஜுகுலேருந்து நாகானோவுக்கு ஹைவே பஸ், நாலு மணி நேரம் கிட்ட ஆகும், ஷின்கான்சென்ல பாதி காசுதான்.

நைட் பஸ் பத்தி ஒரு வார்த்தை. ஒரு தடவை ஹக்குபாங்கிற பனிச்சறுக்கு ஊருக்கு நைட் பஸ்ல போய் காலைல அஞ்சரைக்கு இறங்கிட்டேன், இருட்டு, மைனஸ்ல குளிரு, ஹாஸ்டல் கதவு பூட்டி இருக்கு, செக்-இன் மூணு மணிக்கு. காபி மெஷின் பக்கத்துல உக்காந்து ரெண்டு மணி நேரம் ஓட்டினேன். தப்பு என்னோடதுதான், காலைல பேக் வச்சுக்க முடியுமான்னு ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

சொந்த போர்டு இருந்தா ஏர்போர்ட்லயே தக்யுபின்ங்கிற பார்சல் சர்வீஸ்ல லாட்ஜுக்கு அனுப்பிடலாம், அடுத்த நாளோ அதுக்கு அடுத்த நாளோ போய் நிக்கும்.

ஸ்டெப் 6: எத வாங்கணும், எத வாடகைக்கு எடுக்கணும்

போர்டு, பூட்ஸ் வாடகைக்கு. ஒரு நாள் 4,000லேருந்து 6,000 யென், அஞ்சு நாளுக்கு சேத்துக் கேட்டா கொறைப்பாங்க. ஜாக்கெட், பேண்ட்ட வாடகைக்கு எடுக்காதீங்க, மூணு நாள் வாடகைல பழசு ஒண்ணு சொந்தமாவே வாங்கிடலாம். செகண்ட் ஸ்ட்ரீட், ஆஃப் ஹவுஸ் மாதிரி பழைய சாமான் கடைகள்ல போய்ப் பாருங்க. புதுசுதான் வேணும்னா வொர்க்மேன், கட்டட வேலை பாக்குறவங்களுக்கு துணி விக்கிற கடை, அங்க வாட்டர்ப்ரூஃப் பேண்ட்டும் கிளவுஸும் பிராண்டட் விலைல பாதிகூட வராது. உள்ள போட ஹீட்டெக்னு யூனிக்லோ கடைல விக்கிற சூடு தர்ற பனியன், கழுத்துக்கு 100 யென் கடை நெக் வார்மர். காட்டன் பனியன், காட்டன் சாக்ஸ் ரெண்டும் பேக்ல வரவே கூடாது, வேர்வைல நனஞ்சா காயாது, உடம்பு வெடவெடன்னு நடுங்கிடும். கிளவுஸ் ரெண்டு ஜோடி. காகிள்ஸ் மட்டும் நல்லதா வாங்குங்க, பனி கொட்டுற நாள்ல கறுப்பு லென்ஸ் போட்டா மேடு எது பள்ளம் எதுன்னே தெரியாது, மஞ்சள் இல்ல பிங்க் லென்ஸ் பாருங்க. ஹெல்மெட்டும் மறக்காம வாடகைக்கு எடுங்க.

கடைல ரெகுலரா கூஃபியான்னு கேப்பாங்க. வழுக்குற தரைல ஓடி வந்து சறுக்குனா எந்தக் கால் முன்னாடி போகுது? இடதுன்னா ரெகுலர், வலதுன்னா கூஃபி. அப்புறம் மொத நாள் காலைல போய் வாடகைக்கு நிக்காதீங்க, முந்தின நாள் சாயந்தரமே எடுத்துடுங்க. லிஃப்ட் பெரும்பாலும் எட்டரைக்கு ஓட ஆரம்பிச்சுடும், நீங்க கியூல ஃபார்ம் நிரப்பிக்கிட்டு இருக்கும்போது நல்ல பனிய எல்லாம் வேற யாராவது கிழிச்சுட்டுப் போயிருப்பாங்க.

ஸ்டெப் 7: தங்கல், சாப்பாடு

டார்மிட்டரி பெட் 4,000லேருந்து 6,000 யென். புக் பண்றப்போ மூணே மூணு பாருங்க: லிஃப்டுக்கு நடந்து போகலாமா, பூட்ஸ் காய வைக்க டிரையிங் ரூம் இருக்கா, கிச்சன் இருக்கா. கிச்சன் இருந்தா பாதி சாப்பாட்டு செலவு மிச்சம். வீட்லேருந்து பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டு வாங்க, ஆனா இறைச்சி சமாச்சாரம் எதுவும் ஏர்போர்ட்ல விடமாட்டாங்க, பச்சைக் கறிவேப்பிலைகூட வேண்டாம். சூப்பர் மார்க்கெட்ல சாயந்தரம் ஏழு மணிக்கு மேல பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, அந்த ஆள் பின்னாடியே நானும் நாலு பாட்டிகளும் சும்மா போற மாதிரி போவோம். சைவம்னா சூப், சாஸ் எல்லாத்துலயும் மீன் தண்ணி இருக்கும்னு வச்சுக்கோங்க. மலை மேல கட்சு கறி ரைஸ் 1,300 யென் பக்கம், தினம் சாப்பிட்டா பட்ஜெட் காலி, பாக்கெட்ல ரெண்டு ஒனிகிரி (சோத்து உருண்டை) போட்டுக்கிட்டு லிஃப்ட்ல போறப்போவே சாப்பிட்டுடுங்க.

ஸ்டெப் 8: லிஃப்ட் டிக்கெட்

பெரிய ரிசார்ட்ல ஒரு நாளுக்கு 8,000, 10,000ன்னு போகுது, சின்ன மலைல 4,000லேருந்து 6,000. ஆன்லைன்ல முன்கூட்டி எடுத்தா கொறையும், ஆனா அஞ்சு நாளுக்கும் சேத்து எடுக்காதீங்க. பிகினரால அஞ்சு நாள் முழுசா ஓட்ட முடியாது, மூணாவது நாள் படிக்கட்டுல பக்கவாட்டாத்தான் இறங்குவீங்க. அன்னைக்கு ஹாஃப் டே டிக்கெட், மீதி நேரம் ஆன்சென். ஆன்சென்ல மொதல்ல நல்லா சோப்பு போட்டு குளிச்சுட்டுத்தான் தொட்டில இறங்கணும், துணி எதுவும் கூடாது, மொத அஞ்சு நிமிஷம்தான் வெக்கம்.

ஸ்டெப் 9: பவுடர்

மொத ரெண்டு நாள் பவுடர மறந்துடுங்க. மெஷின் வச்சு சமமாக்கின ரன்ல ஹீல் எட்ஜ் (போர்டோட குதிகால் பக்க ஓரம்), டோ எட்ஜ் (விரல் பக்க ஓரம்) ரெண்டுலயும் நிறுத்தவும் திரும்பவும் வரணும், முடிஞ்சா ஒரு குரூப் லெசன் எடுத்துடுங்க.

அப்புறம் தினமும் ராத்திரி ஜப்பான் வெதர் மேப்ப பாருங்க. மேற்குல ஹை பிரஷர், கிழக்குல லோ பிரஷர், நடுவுல காத்தழுத்தக் கோடுங்க மேலருந்து கீழா நெருக்கமா நின்னா காலைல பனி உறுதி. ரொம்ப நெருக்கமா இருந்தா காத்துல மேல் லிஃப்ட நிறுத்திடுவாங்க, அப்போ கீழ மரத்துக்கு நடுவுல ஓடுற பழைய சேர்லிஃப்ட்தான் கை குடுக்கும்.

கோர்ஸ் மேப்ல "ஹி-அஸ்ஸெட்சு"ன்னு குறிச்சிருக்கிற ரன் எதுன்னு கவுன்டர்ல கேளுங்க, மெஷின் ஓட்டாம அப்படியே விட்ட ரன்னுன்னு அர்த்தம். ரிசார்ட் எல்லைக் கயித்துக்கு உள்ளயே இருக்கிற பவுடர் இதுதான், தனி ஆளுக்கு இது போதும். வீக்டேல பத்து மணிக்குக்கூட யாரோட போர்டு கோடும் விழாத இடம் கெடைக்கும்.

பவுடர்ல ஸ்பீட விட்றக் கூடாது. வெயிட்ட கொஞ்சம் பின் கால்ல வச்சு போர்டோட மூக்கு முங்காம பாத்துக்கணும், ரெண்டல் கடைலயே பைண்டிங்க (பூட்ஸ போர்டோட பூட்டுற பட்டை) ரெண்டு ஓட்டை பின்னாடி தள்ளி வைக்கச் சொல்லலாம். நான் ஒரு தடவை சமதரைல ஃபோட்டோ எடுக்க நின்னுட்டேன். போர்டுலேருந்து ரெண்டு காலையும் கழட்டி எறங்குனேன், இடுப்பு வரைக்கும் உள்ள போயிருச்சு, கைய ஊனுனா கையும் போகுது. ரன் இருபது மீட்டர்தான், கண்ணு முன்னாடி ஆளுங்க போறாங்க, போய்ச் சேர அரை மணி நேரம். போர்ட பனி மேல படுக்க வச்சு ரெண்டு கையையும் அது மேல ஊனி முட்டி போட்டு தவழணும், அத அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்.

இப்போ சீரியஸா ஒண்ணு. ஊசியிலை மரத்தோட தாழ்ந்த கிளைக்குக் கீழ பனி இறுகாம கெணறு மாதிரி பொள்ளலா இருக்கும், ட்ரீ வெல்னு சொல்வாங்க. தலைகீழா அதுல விழுந்தா சுத்தி இருக்கிற பனி மேல சரிஞ்சு மூச்சு அடைச்சிரும், தானா வெளிய வர்றது ரொம்ப கஷ்டம், பக்கத்துல ஆள் இருந்தாத்தான் பொழைக்க வழி. அதனால தனியா போறவங்க மரத்துக்குள்ள போகக் கூடாது, கயித்துக்கு அடில நுழையக் கூடாது. முன்னாடி பத்து பேர் நுழையிறத பாப்பீங்க, அவங்க பேக்ல பனில பொதைஞ்சவங்கள தேடித் தோண்டுற பீக்கன், ப்ரோப், ஷவல் இருக்கும், கூட ஆள் இருக்கும். நொசாவா ஆன்சென் மாதிரி இடத்துல எல்லைக்கு வெளிய மாட்டிக்கிட்டா தேடுற செலவும் உங்க தலைலதான். தினமும் எந்த மலைக்குப் போறேன், எத்தன மணிக்கு வருவேன்னு ஹாஸ்டல் ரிசப்ஷன்ல சொல்லிட்டுப் போங்க, கழுத்துல ஒரு விசில், போன் ஜாக்கெட்டுக்கு உள் பாக்கெட்ல. குளிர்ல 60 பர்சன்ட் பேட்டரி பொசுக்குன்னு செத்துரும். ஆம்புலன்ஸ் 119.

மொத்தம் எவ்ளோ?

டோக்கியோலேருந்து கணக்கு வச்சா, 6 நைட் தங்கல் 30,000, அஞ்சு நாள் லிஃப்ட் 28,000, ரெண்டல் 22,000, சாப்பாடு 15,000, போக வர ஷின்கான்சென்ல 19,000, ஆக 1,14,000 யென். ஒரு யென் 60 பைசான்னு போட்டா எழுபதாயிரம் ரூபாய்க்குக் கிட்ட, ஃபிளைட்டும் துணியும் தனி. ஷின்கான்சென்னுக்கு பதிலா பஸ், ரெண்டு நாள் ஹாஃப் டேன்னு மாத்தினா ஒரு லட்சம் யென்னுக்குக் கிட்ட இறக்கிடலாம். லெசன் காச மட்டும் வெட்டாதீங்க.

கடைசி நாள் போர்ட எத்தன மணிக்குள்ள திருப்பித் தரணும்னு மொத நாளே கேட்டு வச்சுக்கோங்க. அன்னைக்குப் பாத்துத்தான் நல்லா கொட்டும், இன்னும் ஒரே ஒரு ரன்னு மேல போவீங்க, கீழ ஸ்டேஷன் பஸ் கெளம்பிக்கிட்டு இருக்கும்.