கிளட்ச் பெடல் தரையோடு போனால் உடனே கியர்பாக்ஸை இறக்காதீர்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெடல் மிதித்த இடத்திலேயே நின்றுவிட்டால், "கிளட்ச் போச்சு" என்று முடிவுகட்டி நேராகக் கியர்பாக்ஸில் கை வைப்பவர்கள்தான் அதிகம். தயவுசெய்து வேண்டாம். போர்ஷே 944 போன்ற வண்டியில் கியர்பாக்ஸ் பின்பக்கம் இருக்கிறது, கிளட்ச் பிளேட்டைத் தொடுவதற்கே எக்சாஸ்ட்டில் ஆரம்பித்து, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் ட்யூப் வரை கழற்றி நகர்த்த வேண்டும். இவ்வளவும் செய்தபிறகு கோளாறு ஒரு சின்ன ரப்பர் சீலில் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?

முதலில் நோயைப் பிரித்துப் பாருங்கள். இன்ஜின் உறுமுகிறது, வண்டி அதற்கேற்ப ஓடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. முழுக்க மிதித்தும் கியர் விழாமல் கரகரவென்று சத்தம் வந்தால் கிளட்ச் விடுபடவில்லை. இரண்டும் நேரெதிர், பெடல் கோளாறு பெரும்பாலும் இரண்டாவது வகை.

அடுத்த தவறு, பெடலின் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோகும் ஹைட்ராலிக் ஆயிலை டப்பாவில் ஊற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்ததும் பெடல் எழுந்து வருகிறதென்றால் உள்ளே காற்று இருக்கிறது, இல்லாவிட்டால் சீல் தேய்ந்திருக்கிறது. பெடல் எழுந்ததால் கோளாறு சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

"வெளியே கசிவே இல்லையே" என்பதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் தேய்ந்தால் ஆயில் உள்ளுக்குள்ளேயே சீலைத் தாண்டித் திரும்பிவிடும், ஒரு சொட்டுகூட வெளியே வராது, டப்பாவில் அளவும் குறையாது, ஆனால் பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போதே அது மெல்ல இறங்கும். வெளியே கசிந்தாலும் பல வண்டிகளில் அது பெடலோடு இணைந்த தள்ளுகம்பியான புஷ்ராட் வழியாகக் காருக்குள்தான் வரும், அதனால் டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள், கார்பெட்டையும் தொட்டுப் பாருங்கள். பிஎம்டபிள்யூ ஈ30 போல பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பா இருக்கும் கார்களில், அளவு குறைந்தால் பிரேக்கை மட்டும் சந்தேகப்படக் கூடாது.

அப்புறம், ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையில் அந்த ஆயில் அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் புஷ்ராட் எவ்வளவு நகர்கிறது என்று அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் கோளாறு பெரும்பாலும் கியர்பாக்ஸுக்கு வெளியேதான். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் இந்த ஸ்லேவ் அடிக்கடி போகும், இரண்டு போல்ட்டும் ஒரு பைப்பும் கழற்றினால் வேலை முடிந்தது. முழுதாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால்தான் உள்ளே போக வேண்டும்: ட்ரையம்ப் டிஆர்6-இல் கிளட்ச்சை விடுவிக்கும் ஃபோர்க்கைப் பிடிக்கும் பின் உடைவது தெரிந்த கதை, நெடுநாள் நின்ற வண்டியில் பிளேட், இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும்.

எம்ஜிபி வைத்திருப்பவர்கள் பெடலையும் புஷ்ராடையும் இணைக்கும் பின்னை முதலில் பாருங்கள். அங்கே தேய்ந்த ஒரு மில்லிமீட்டர் பாதத்தில் பல மில்லிமீட்டராகத் தெரியும். 1986 வரையிலான போர்ஷே 911-இல் கிளட்ச்சுக்கு ஆயிலே கிடையாது, வெறும் கேபிள்தான்.

ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது பழைய பெடலைத் தரைவரை ஓங்கி மிதிக்காதீர்கள், சிலிண்டருக்குள் சீல் வழக்கமாகப் போகாத துருப்பகுதிக்குள் ஓடிக் கிழிந்துவிடும், அடியில் ஒரு கட்டையை வையுங்கள். டாட் 4 ரக ஆயில் இருக்கும் இடத்தில் சிலிகான் டாட் 5-ஐக் கலக்க வேண்டாம்.

புது மாஸ்டர் போட்டதும் புஷ்ராடில் மேனுவல் சொல்லும் சின்ன இடைவெளியை விடுங்கள். இறுக்கிவிட்டால் ஆயில் திரும்பும் துளை அடைபட்டு, சூடேறியதும் கிளட்ச் வழுக்க ஆரம்பித்து, நல்ல பிளேட்டும் கருகிப்போகும்.