வீட்டுப் பட்டறையில் கைவினை நகை: விற்றது திரும்பி வராமல் செய்வது எப்படி

கொழும்பில் வீட்டின் ஓர் அறையை ஒதுக்கிக் கைவினை நகை செய்யும் குடும்பங்களிடம் வடிவங்களுக்குப் பஞ்சமில்லை. கொக்கி கழன்ற மாலை, மழைக்காலத்தில் கறுத்த காப்பு, கல் விழுந்த தோடு, காதைப் புண்ணாக்கிய ஜிமிக்கி என்று விற்றது திரும்பி வரும்போதுதான் தொழில் தள்ளாடுகிறது. ஒன்றைத் திருத்திக் கொடுக்கும் நேரத்தில் புதிதாக இரண்டு செய்துவிடலாம். கடைக்காரருக்கு மனம் கசந்தால் அடுத்த ஓடரும் போய்விடும். ஆகவே, செய்த நகை திரும்பி வராமலிருக்க என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதையே இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

சாமான் வாங்கும்போது

புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களுக்குப் போகும்போது கையில் ஒரு சிறு காந்தமும் கம்பியின் தடிப்பை அளக்கும் ஒரு வேர்னியர் கலிப்பரும் இருக்கட்டும். தங்க நிறத்தில் மின்னும் இணைப்பு வளையமும் கொக்கியும் காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இரும்பு. கடற்காற்றும் வியர்வையும் பட்டால் முலாமுக்கு அடியிலிருந்து துரு கிளம்பும். விலை குறைவு என்பதற்காக அதை வாங்காதீர்கள். ஒட்டாத பித்தளை வளையமே வேண்டும்.

கம்பியை அதன் தடிப்பைக் குறிக்கும் ‘கேஜ்’ எண் சொல்லிக் கேட்காமல் மில்லிமீற்றரில் கேளுங்கள். அமெரிக்க அளவில் 20 கேஜ் என்றால் 0.8 மி.மீ.; பிரித்தானிய அளவில் அதே 20 என்றால் 0.9 மி.மீ.க்கும் சற்று அதிகம். இணையத்தில் பார்த்த அளவைச் சொல்லி ஹார்ட்வெயார் கடையில் வாங்கினால் காதுக் கம்பி தடித்துப் போய், பலருடைய காதில் ஏறாது. காதுக் கொக்கிக்கு 0.8, மணி கோக்கும் ஊசிக் கம்பிக்கு 0.6, சுற்று வேலைக்கு 0.4, காப்பின் பூட்டுக்கு 1.0 மி.மீ. என்று நாலு அளவு இருந்தால் அநேகமாக எல்லாவற்றையும் செய்யலாம்.

மணியும் கல்லும் வாங்கும்போது கணக்குப் போட்டதை விடப் பத்து வீதம் கூடுதலாக எடுங்கள். அடுத்த முறை வரும் சரக்கில் அதே பச்சை அதே பச்சையாக இராது. 16 அங்குல மாலைக்கு 8 மி.மீ. மணி என்றால் கொக்கிக்கு இடம் விட்டு சுமார் 48, 6 மி.மீ. என்றால் சுமார் 64 வேண்டும். ஆமை ஓடு, யானைத் தந்தம் என்று யாராவது கொண்டுவந்தால் தொடவே வேண்டாம். அவை சட்டப்படி தடை.

இணைப்பு

மாலை அறுவது மணியில் அல்ல, இணைப்பில். வளையத்தைத் திறக்கும்போது இரண்டு தட்டைமூக்குக் குறடுகளால் இரு பக்கமும் பிடித்து, ஒரு முனையை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் திருப்ப வேண்டும். அகலமாக இழுத்துத் திறந்தால் வட்டம் கெட்டுவிடும். எவ்வளவு அழுத்தினாலும் பிறகு முனைகள் நேர்ப்படாது, மெல்லிய சங்கிலி அந்த இடைவெளியால் நழுவும். மூடும்போது முனைகள் ஒன்றையொன்று சற்றுத் தாண்டும்வரை கொண்டுபோய்த் திருப்பி நேராக்குங்கள். ‘கிளிக்’ என்று ஒரு சிறு உரசல் விரலுக்குத் தெரியும். பிறகு வளையத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தடக்கினால் மூடவில்லை என்று அர்த்தம். குறட்டின் வாய் பல்லில்லாமல் மழமழப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பித்தளையில் தழும்பு விழும்.

நைலோன் பூசிய எஃகுக் கம்பியில் கோக்கும் மாலைக்கு 2 மி.மீ. கிரிம்ப் மணி (குறட்டால் நசுக்கிக் கம்பியின் முனையை இறுக்கும் சிறு உலோக மணி) போதும். அதற்குள் கொக்கியைச் சுற்றித் திரும்பும் கம்பியின் இரண்டு இழையும் ஒன்றையொன்று குறுக்கிடாமல் பக்கம்பக்கமாக இருக்க வேண்டும். குறுக்கிட்டால் அழுத்தும்போது ஒன்று மற்றதை வெட்டும். இறுக்குவதற்கு முன் மாலையை வளைத்துப் பார்த்து 2 மி.மீ. தளர்வு விடுங்கள். தளர்வில்லாத மாலை கழுத்தில் வளையாமல் விறைத்து நிற்கும். சில மாதங்களில் கொக்கியோரமாக அறும். உலோக மணியின் துளை விளிம்பு கூராக இருந்தால் நூல் எதுவும் தாங்காது, நுண் அரத்தால் துளைவாயை மழுக்கிய பிறகே கோக்க வேண்டும்.

காது

காதுக் கொக்கிக்கு 4 செ.மீ. கம்பி வெட்டி, ஒரு சோடிக்கான இரண்டையும் ஒரே நேரத்தில் பேனா உடலில் வளையுங்கள். தனித்தனியாகச் செய்தால் நீளம் ஒத்துவராது. வளைவை எஃகுத் தட்டில் வைத்து இலேசாகத் தட்டினால் கம்பி விறைப்பாகி வடிவம் நிற்கும். காதுக்குள் போகும் முனையை அரத்தாலும் 600 இலக்க சாண்ட் பேப்பராலும் உருண்டையாக மழுக்குங்கள். உதட்டில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், கையை விட உதடு நன்றாக அறியும்.

பச்சை அடையாளமும் அரிப்பும் வெவ்வேறு. வியர்வை செம்போடு சேர்ந்து உண்டாகும் பச்சை கழுவினால் போய்விடும். அரித்துக் கொப்பளிப்பது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. ஒருவருக்கு ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும். மலிவான காதுக் கம்பிகளில் தங்க முலாமின் அடியில் நிக்கல் பூச்சு இருப்பது வழக்கம். டைமெத்தில்கிளையொக்சிம் கரைசலைப் பஞ்சில் தொட்டு அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் கசியும் உலோகத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். ஒரு சிறு போத்தல் நூற்றுக்கணக்கான சோதனைக்கு வரும். ஜிமிக்கியின் உடல் பித்தளையாக இருக்கட்டும், காதுக்குள் போகும் கம்பியையும் சுரையையும் 925 வெள்ளியிலோ டைட்டேனியத்திலோ போடுங்கள். ஐரோப்பாவில் இருக்கும் சொந்தக்காரர் மூலம் அங்கே விற்க எண்ணினால் இது கட்டாயம்: துளையில் போடும் பாகத்திலிருந்து ஒரு சதுர செ.மீ.க்கு வாரமொன்றில் 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாகவே நிக்கல் கசியலாம். நகையில் ஈயம் 0.05 வீதத்துக்கும் கட்மியம் 0.01 வீதத்துக்கும் குறைவாக இருக்கவேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. ஆகவே ஈயம் கலந்த பற்றுக் கம்பியை (சோல்டர்) பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள்.

காப்பின் அளவு

காப்பில் 2.4 என்பது தசமம் அல்ல. இரண்டு அங்குலமும் பதினாறில் நாலும்: உள்விட்டம் 57 மி.மீ. 2.6 என்றால் 60.3, 2.8 என்றால் 63.5, 2.10 என்றால் 66.7 மி.மீ. கல்குலேற்றரில் 2.4 ஐ 25.4 ஆல் பெருக்கினால் 61 மி.மீ. வரும்; அது 2.6 இன் அளவு. அந்தக் காப்பு கையிலிருந்து நழுவி விழும். இந்த நாலு அளவிலும் மரத்தில் கடைந்த உருளை ஒவ்வொன்று வைத்திருங்கள்.

பசையும் வார்னிஷும் மழையும்

கொழும்புக் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையிலும், ஒக்டோபர், நவம்பர் மழையிலும் பட்டறையின் பாதிப் பழுது இதனால்தான். சூப்பர் குளூவின் ஆவி கல்லைச் சுற்றி வெண்படலமாகப் படியும்; கண்ணாடிக் கல்லின் ஒளி செத்துவிடும். கல் பதிக்க மெதுவாக இறுகும் இரு பாக எபொக்சியே நல்லது. பெட்டியில் போட்டுள்ள நிறை விகிதப்படி தராசில் நிறுத்துக் கலக்குங்கள். கண் மதிப்பில் கலந்தால் சில நாளானாலும் பிசுபிசுப்பு மாறாது. கல் அமரும் குழியை முதலில் ஊசியால் கீறிச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, பசையை ஊசிமுனையளவு வையுங்கள். 24 மணி நேரம் அசைக்காதீர்கள். பின்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய குந்தன் கல்லுக்குக் கரைப்பான் உள்ள பசை ஆகாது, தாள் கறுக்கும்.

பித்தளையைப் புளி பூசித் தேய்த்தால் பளிச்சென்று வரும். அமிலம் தங்கினால் இரண்டு நாளில் திட்டுத்திட்டாகக் கறுக்கும் என்பதால், அப்பச் சோடா கரைத்த நீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, முழுதாக உலர்த்த வேண்டும். கழுவிய பிறகு வெறுங்கை படக்கூடாது. விரல்ரேகை வார்னிஷுக்கு அடியில் பதிந்து பழுப்பாகத் தெரியும். வார்னிஷ் விசிறும்போது அதன் கரைப்பான் ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. ஈரக் காற்றிலுள்ள நீர் அதில் படிந்து பூச்சுப் பால் போல் வெளிறும். தலைமுடி உலர்த்தியால் நகையைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, உலர்த்தியை நிறுத்திவிட்டு, காற்றோட்டமான இடத்தில் மெல்லிய பூச்சு இரண்டு கொடுங்கள். நடுவே அரை மணி நேரம் விடுங்கள். எரியும் கரைப்பான் என்பதால் அருகில் அடுப்போ விளக்கோ கூடாது. மழை கொட்டும் நாளில் இந்த வேலையைத் தள்ளிவைத்துக் கம்பி வெட்டுங்கள்.

முடித்த நகையைச் சிலிக்கா ஜெல் பையோடு சிப் பைக்குள் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். இறப்பர் பட்டியால் கட்டவே கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுக்கவைக்கும்.

தங்க முலாமை வீட்டில் முயலவேண்டாம். பல முலாம் தொட்டிகளில் சயனைட் உண்டு. செட்டியார் தெருப் பக்கத்தில் அதைத் தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுங்கள். முலாமின் தடிப்பு எத்தனை மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று), அடியில் நிக்கல் உண்டா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஆளுக்கொரு வேலை

ஒரே வடிவத்தில் பன்னிரண்டு ஒன்றாகச் செய்யுங்கள்: ஒருவர் கம்பி வெட்டி வளைக்க, ஒருவர் கோக்க, ஒருவர் கல் பதித்துப் பூச. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் அட்டை. அதில் மாதிரி ஒன்று தைத்து, கம்பி நீளம், மணி எண்ணிக்கை, எடுத்த நிமிடம் எழுதியிருக்க வேண்டும். அம்மாவின் கைக்கு மட்டும் தெரிந்த அளவு, அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் பட்டறையை நிறுத்திவிடும். செய்தவரே சோதிக்கக்கூடாது. சோதிப்பவர் மாலையைக் கொக்கியில் மாட்டி ஒரு கிலோ சீனிப் பையை ஒரு நிமிடம் தொங்கவிடட்டும். காதணியை மேசையில் இரண்டு தரம் தட்டட்டும். விழவேண்டிய கல் அங்கேயே விழட்டும்.

விலை

கணக்குக்காக ஒரு மாலை: சாமான் 620 ரூபாய், கழிவு பத்து வீதம் 62, மணித்தியாலத்துக்கு 300 ரூபாய் வீதம் 70 நிமிடக் கூலி 350, மின்சாரம், பஸ், பெட்டி 120. மொத்தம் 1,152. முப்பது வீத இலாபம் வைத்தால் ஏறத்தாழ 1,500. வீட்டு ஆட்கள்தானே என்று கூலியை விட்டால் விலை மலிவாகும், ஓடர் பெருகும், ஓடர் பெருகி வெளியாள் வைத்த மாதத்தில் நட்டம் தெரியும்.

விற்றபின் பணம் தரும் கடை 35 வீதம் எடுத்தால், 1,500 உங்கள் கைக்கு வர விலை 1,500 ஐ 0.65 ஆல் வகுத்த 2,310 ஆக இருக்க வேண்டும். 1,500 உடன் 35 வீதத்தைக் கூட்டி 2,025 போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 1,316 தான். அதே மாலையை நீங்கள் கைப்பணிச் சந்தையிலோ முகநூலிலோ விற்றாலும் 2,310 க்கே விற்கவேண்டும், மலிவாக விற்றால் கடைக்காரர் உங்கள் நகைத் தட்டைக் கடையிலிருந்து எடுத்துவிடுவார். கடையில் வைத்ததை வடிவ எண்ணோடு எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்தால்தான் அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், பெரிய கடைகளும் காசோலை தரும். தேவையான படிவத்தை முதலில் கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். வெளியாள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் உங்கள் பங்கு 12 வீதம், அவருடையது 8, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு உங்கள் பங்கு இன்னும் 3 வீதம். இதை மணித்தியாலக் கூலியில் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் கல்யாணம் வைப்பதில்லை. கல்யாண நகை ஓடர் குறையும் அந்த இரண்டு மாதமும் ஆவணிக்கும் தைக்கும் சரக்குச் சேர்க்கும் காலம். சித்திரைப் புத்தாண்டுக்கான சரக்கு மாசி முடிவிலேயே கடைக்குப் போயிருக்க வேண்டும். ஆடி மழையில் வார்னிஷ் வேலை இழுபடும் என்பதால் ஆவணிக்கான பித்தளை வேலையை ஆனியிலேயே தொடங்கி, ஆடியை மாலை கோக்க வைத்துக்கொள்ளுங்கள்.