பூங்கா வேறு, கிளஸ்டர் வேறு: உயர்தொழில்நுட்பத்தை நம்பி வட்டார வளர்ச்சியைத் திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்னணு, வானூர்தி, மின்வாகனம் என்று ஏதாவது ஒரு துறையைச் சுற்றி ஒரு மாவட்டத்தை வளர்ப்பது என்று முடிவானதும் முதல் வேலையாக நிலம் எடுக்கிறார்கள். பிறகு சாலை, துணை மின்நிலையம், வாசலில் ஒரு வளைவு. எல்லாம் தேவைதான். ஆனால் இத்தனையும் சேர்ந்தாலும் அது தொழில் பூங்காதான். நிறுவனங்களும் பாகம் செய்துதரும் பட்டறைகளும் ஒன்றிடம் ஒன்று வாங்கி விற்க வேண்டும். கல்லூரிகளும் சோதனைக்கூடங்களும் அந்தத் தொழிலோடு ஒட்டி நடக்க வேண்டும். வேலை தெரிந்தவர்கள் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் அது கிளஸ்டர்.

இதைச் சோதிக்க பூங்காவில் உள்ள பத்து ஆலைகளின் கொள்முதல் பட்டியலை வாங்கிப் பார்த்தாலே போதும். 50 கிலோமீட்டருக்குள் அவை வாங்குவது கேன்டீன் சாப்பாடும் செக்யூரிட்டியும் அட்டைப்பெட்டியும் மட்டும்தான் என்றால், அங்கே கிளஸ்டர் இன்னும் பிறக்கவில்லை.

எண்ணைத் தப்பாகப் படிப்பது

எந்தத் துறை எங்கே குவிந்திருக்கிறது என்று பார்க்க 'லொகேஷன் கோஷன்ட்' என்ற கணக்கைப் போடுவார்கள். மாவட்டத் தொழிலாளர்களில் அந்தத் துறையின் பங்கை, நாட்டளவில் அதே துறையின் பங்கால் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் வந்தால் குவிவு உண்டு என்று பொருள். உதாரணத்துக்கு, 40,000 தொழிலாளர்கள் உள்ள மாவட்டத்தில் மின்னணுத் துறையில் 3,000 பேர் என்றால் பங்கு 7.5 சதவீதம். நாட்டளவில் அது 2.5 என்று வைத்துக்கொண்டால் விடை 3. பிரமாதமாகத் தெரியும். ஆனால் அந்த 3,000 பேரும் ஒரே ஆலையில் இருக்கலாம். ஆகவே இந்த எண் வந்தவுடன், மிகப்பெரிய ஆலையை நீக்கிவிட்டு மறுபடியும் கணக்குப் போட வேண்டும். அப்போதும் ஒன்றுக்கு மேல் நின்றால்தான் அது துறையின் பலம். சரிந்தால் ஒரு முதலாளியின் பலம்.

இன்னொரு கோளாறு தொழில் வகைப்பாட்டில் இருக்கிறது. 2008 தேசியத் தொழில் வகைப்பாட்டின் 26-ஆம் பிரிவில் மின்னணு உதிரிபாகம் (2610), தொலைத்தொடர்புக் கருவி (2630), கைக்கடிகாரம் (2652) மூன்றும் ஒரே கூடையில் கிடக்கின்றன. இரண்டு இலக்கத்தோடு நின்றால் கடிகார ஊரும் செல்போன் ஊரும் ஒன்றாகத் தெரியும். நான்கு இலக்கம் வரை இறங்கிப் பாருங்கள். வருங்கால வைப்புநிதிப் பதிவுகளை நம்பினால் வேறு சிக்கல்: ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆலையின் கணக்கில் வராமல் ஆள் அனுப்பும் நிறுவனத்தின் கணக்கில் போய்விடுவார்கள்.

வேரில்லாத துறையைக் கொண்டுவந்து நடுவது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2017-இல் இதைத்தான் செய்தது. பிற நிறுவனங்களுக்கு மின்னணுப் பொருள் செய்துதரும் தைவான் நிறுவனமான ஃபாக்ஸ்கான் 1,000 கோடி டாலர் முதலீட்டில் எல்சிடி திரை ஆலை கட்டும், 13,000 பேருக்கு வேலை தரும் என்றார்கள். மாநிலம் ஏறத்தாழ 300 கோடி டாலர் சலுகைக்கு ஒப்புக்கொண்டது. அங்கே திரை செய்யும் தொழிலும் கிடையாது, அதற்கு மூலப்பொருள் தரும் சங்கிலியும் கிடையாது. 2021-இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது முதலீடு 67.2 கோடி டாலராகவும் வேலை 1,454 ஆகவும் சலுகை 8 கோடி டாலராகவும் சுருங்கின. சலுகையை வேலை எண்ணிக்கையோடு கட்டியிருந்ததால் மாநிலக் கருவூலம் பெரிய அடியிலிருந்து தப்பியது. நிலமும் சாலையும் தண்ணீர்க் குழாயும் அமைக்க முன்கூட்டியே கடன் வாங்கிய உள்ளாட்சிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சலுகை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கும் அதிகாரிகள் உள்கட்டமைப்புச் செலவை அதே கண்ணால் பார்ப்பதில்லை. முதல் 100 ஏக்கரில் ஆலைகள் ஓடத் தொடங்கிய பிறகே அடுத்த கட்டத்துக்குப் பணம் விடுவிப்பது நல்லது.

ஒரே தூணில் கூரை போடுவது

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006 தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. சார்ஜர், உறை, மின்சுற்று என்று பாகம் தரும் நிறுவனங்கள் அதே சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் வந்து உட்கார்ந்தன. தூரம் குறைவு, சரக்கு இருப்பு குறைவு. பார்ப்பதற்குப் பாடநூல் கிளஸ்டர். ஆனால் அவற்றின் அச்சும் இயந்திரமும் ஒரே வாங்குநருக்காகப் போட்டவை. சந்தை ஸ்மார்ட்போனுக்குத் தாவியது. நோக்கியா தன் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் முடங்கியிருந்த இந்த ஆலை அதில் சேரவில்லை. ஆர்டர் நின்றது. 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி முடிந்தது. அடுத்த மாதம் பக்கத்திலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது.

பெரிய நிறுவனத்தை அழைத்ததைத் தவறென்று சொல்ல முடியாது. பாகம் தருவோருக்கு இரண்டாவது வாங்குநரைத் தேடித்தராததுதான் தவறு. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிறு நிறுவனத்திடமும் 'உங்கள் விற்பனையில் முதல் வாடிக்கையாளர் பங்கு எவ்வளவு?' என்று கேட்டுப் பதிவு செய்யலாம். பாதியைத் தாண்டினால் எச்சரிக்கை மணி. திருச்சியில் பொதுத்துறை நிறுவனமான பெல்லின் (BHEL) கொதிகலன் ஆர்டரை நம்பியிருந்த துவாக்குடி வட்டாரப் பட்டறைகள், அனல்மின் திட்டங்கள் குறைந்தபோது பட்ட பாடும் இதே கதைதான்.

ஸ்ரீபெரும்புதூரில் எல்லாமே வீணாகவில்லை. துறைமுகமும் விமான நிலையமும் ஆலை வேலை பழகிய ஆட்களும் அங்கேயே இருந்தார்கள். 2019-இல் அதே வட்டாரத்தில் ஐபோன் உற்பத்தி தொடங்க அது உதவியது.

ஆள் வருவார்கள், தங்குமிடம் பிறகு பார்ப்போம்

இது சின்ன விஷயமாகத் தெரியும். 2021 டிசம்பரில் ஐபோன் ஆலைப் பெண் தொழிலாளர்களின் விடுதியில் உணவு நஞ்சானதும், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது, ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை மாநிலத் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் கட்டியது; அது திறக்கப்பட்டது 2024-இல்தான். ஆலைக் கட்டட வரைபடத்தோடு விடுதி வரைபடமும் சேர்ந்து வந்தால்தான் அனுமதி என்று வைத்தால் இந்த இடைவெளி குறையும்.

நிலத்தை முதலிலும் திறமையைக் கடைசியிலும் வைப்பது

தைவானின் சின்ச்சூ அறிவியல் பூங்காவை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். வரிசையைத்தான் கவனிப்பதில்லை. தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐடிஆர்ஐ 1973-இல் தொடங்கியது. 1976-இல் அமெரிக்க மின்னணு நிறுவனமான ஆர்சிஏ-வுடன் தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்து பொறியாளர்களை அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சிப் சோதனை ஆலை வந்தது. பூங்கா திறந்தது 1980 டிசம்பரில். சிப் செய்யும் நிறுவனங்களில் அதே ஆண்டு யுஎம்சி தொடங்கியது, 1987-இல் டிஎஸ்எம்சி. இரண்டு பல்கலைக்கழகங்கள் பக்கத்திலேயே முன்பே இருந்தன. நம் திட்ட அறிக்கைகள் இதைத் தலைகீழாக்கி, ஐந்தாண்டில் பலன் என்றும் எழுதிவிடுகின்றன.

புதிய துறையைத் தேடும்போது, இருக்கும் கைத்திறனுக்குப் பக்கத்து வீட்டில் தேட வேண்டும். ஓசூரில் 1987-இல் டைட்டன் கடிகாரம் செய்யத் தொடங்கியது. நுண்ணிய பாகம் கடையும் அந்தப் பழக்கம்தான் பின்னாளில் அந்நிறுவனத்தை வானூர்திப் பாகங்களுக்கும் தானியங்கி இயந்திரங்களுக்கும் கொண்டுபோனது.

பொதுவசதி மையத்தின் பூட்டிய அறை

சிறு பட்டறைகள் பொதுவில் பயன்படுத்தவென்று அமைக்கும் மையத்துக்கு மானியத்தில் சி.எம்.எம். எனப்படும் முப்பரிமாண அளவீட்டு இயந்திரம் வாங்குவார்கள். அதை வைக்கும் அறை இரவும் பகலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்க வேண்டும். நீள அளவுக்கான உலகப் பொது வெப்பநிலை அது. மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் ஏசியை அணைத்தால் காலையில் எடுக்கும் அளவை நம்ப முடியாது. இயக்கத் தெரிந்தவருக்கு மூன்று ஆண்டுச் சம்பளமும், ஆண்டு அளவுத்திருத்தச் செலவும், சோதனைக்கூடங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்-இன் அங்கீகாரக் கட்டணமும் திட்ட மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத சான்றிதழை வானூர்தி நிறுவனங்கள் ஏற்பது அரிது. பட்டறைக்காரர் பாகத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் பெங்களூருக்கே பஸ் ஏறுவார்.