அம்பாசிடர், பத்மினி ஏசி பெல்ட் கத்துதா? புது பெல்ட் வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

பழைய 1489 சிசி அம்பாசிடரும் 1089 சிசி பத்மினியும் ஏசிய நெனச்சு டிசைன் பண்ண வண்டிங்க இல்ல. வெளில கிட் வாங்கி இன்ஜின் ஓரத்துல ஒரு பிராக்கெட் போட்டு, அதுல கம்ப்ரஸர மாட்டி, கிராங்க் புல்லிக்கு (இன்ஜின் சுத்துற சக்திய பெல்ட்டுக்கு குடுக்குற புல்லி) இன்னொரு காடி, அதாவது பெல்ட் உக்கார்ற பள்ளம், சேத்து ஓட்டுனதுதான் நெறய. அதனால பெல்ட் அடிக்கடி போச்சுன்னா பெல்ட்ட மட்டும் திட்டாதீங்க, பாதி கேஸ்ல பிராக்கெட்டும் புல்லி நேர்கோடும்தான் அத சாவடிக்குது. பெல்ட்ல சோப்பு தேய்க்கிறத தயவு செஞ்சு விட்ருங்க, சத்தம் கொஞ்ச நேரம் அடங்கும், அப்புறம் இன்னும் வழுக்கும்.

முதல்ல சத்தத்த கேளுங்க. இன்ஜின ஐடில்ல விட்டு ஏசி சுவிட்ச போட்டதும் "கீச்ச்"னு நீளமா கத்துனா பெல்ட் லூஸ், இல்லன்னா பக்கவாட்டுல பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆயிருக்கும். "கிச் கிச்"னு விட்டு விட்டு வந்தா புல்லி நேரா இல்ல. ஏசி ஆஃப்ல இருக்கும்போதே உறுமுனா கம்ப்ரஸர் புல்லியோட பேரிங்க சந்தேகப்படுங்க, ஏன்னா ஏசி போடலன்னாலும் இன்ஜின் ஓடுற வரைக்கும் அந்த புல்லி சுத்திக்கிட்டே தான் இருக்கும், ஏசி போட்டதும் கம்ப்ரஸர் முன்னாடி இருக்க கிளட்ச் (கியர் போடுற கிளட்ச் இல்ல) பிடிச்சாதான் உள்ள இருக்க ஷாஃப்ட் சுத்தும். பெல்ட்டோட உள்பக்கத்துல கொஞ்சமா தண்ணி ஸ்ப்ரே பண்ணிப் பாக்கலாம், கை தள்ளியே இருக்கட்டும்: சத்தம் நின்னு திரும்ப வந்தா நேர்கோடு பிரச்சன, அதிகமானா டென்ஷன் பத்தல.

அப்புறம் இன்ஜின ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டுதான் கைய வைக்கணும். ஏசி ஹோஸ் நட்டு எதையும் தொடாதீங்க, உள்ள கேஸ் பிரஷர்ல இருக்கு, கண்ணுல பட்டா கண்ணே போயிரும். ஹோஸ் வளையும், கம்ப்ரஸர அது கூடவே நகத்திக்கலாம்.

கம்ப்ரஸரோட பிவட் போல்ட்டையும் (கம்ப்ரஸர் சாயுற அச்சு), நீள ஓட்டைல நகர்ற அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டையும் லூஸ் பண்ணி கம்ப்ரஸர இன்ஜின் பக்கம் தள்ளுனா பெல்ட் கழண்டுரும். இப்ப ஒவ்வொரு புல்லியையும் கையால சுத்துங்க, ஐட்லர் புல்லி (பெல்ட்ட தாங்கி சும்மா சுத்துறது) இருந்தா அதையும். கரகரன்னு இருந்தாலோ முன்ன பின்ன ஆடினாலோ பேரிங் போச்சு. கழட்டி எடுத்துட்டு கடைக்கு போங்க, அதுமேலயே நம்பர் பொறிச்சிருக்கும். டார்ச் அடிச்சு காடிய பாருங்க, அடிப்பக்கம் பளபளன்னு இருந்தா பெல்ட் அடிய தொட்டு ஓடியிருக்கு. இது வி பெல்ட், அதாவது V மாதிரி சரிஞ்ச பக்கம் உள்ளது, ரெண்டு பக்கச் சுவத்துலதான் பிடிக்கணும், அடிய தொட்டா பிடிமானமே கிடையாது. புது பெல்ட் போட்டும் அடில இடைவெளி இல்லன்னா புல்லி தேஞ்சிருச்சு, மாத்தித்தான் ஆகணும்.

இப்ப முக்கியமான வேல, இதத்தான் பெரும்பாலும் யாரும் பாக்குறதில்ல. பிராக்கெட்ட ஆட்டிப் பாருங்க, போல்ட் லூஸா, வெல்டிங்ல கோடு விட்டிருக்கான்னு. அப்புறம் நேரான ஒரு நீள ஸ்டீல் ஸ்கேல கிராங்க் புல்லி முகத்துல வச்சு கம்ப்ரஸர் புல்லி வரைக்கும் பாருங்க. ரெண்டு புல்லியோட விளிம்பும் ஒரே தடிமனா இருந்தாதான் இது சரிவரும், வேற வேற கம்பெனி புல்லின்னா காடியோட நடுவுலேர்ந்து அளக்கணும். ஒன்றரை எம்எம்க்கு மேல விலகியிருந்தா பிராக்கெட்டுக்கு பின்னாடி சரியான தடிமன்ல வாஷர் வச்சு நேராக்குங்க, இதுக்கு அரைநாள் போனாலும் பரவால்ல. கம்ப்ரஸர் புல்லி சாஞ்சு நின்னாலும் பெல்ட் ஒரு பக்கமா தேயும்.

பெல்ட் வாங்கும்போது பழசு மேல இருக்க நம்பர பாருங்க. ஏ 38ன்னா 13 எம்எம் அகலம், உள்சுத்து 38 இன்ச். வெளிப்பக்கம் டேப் வச்சு அளந்தா ரெண்டு இன்ச் கூடவே காட்டும், அத சொல்லி வாங்குனா லூஸாயிரும். ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பி ஏத்தாதீங்க, உள்ள இருக்க நூல் அறுந்துரும், வெளில ஒன்னும் தெரியாது. கம்ப்ரஸர நல்லா உள்ள தள்ளிட்டு கையாலயே மாட்டுங்க.

டென்ஷன் வைக்க, புல்லிக்கும் புல்லிக்கும் நடுவுல நீளமான இடத்துல கட்டைவிரலால நல்லா அமுக்குங்க, 10லேர்ந்து 12 எம்எம் இறங்குனா போதும். அதுக்கு மேல முறுக்குனா பெல்ட் கத்தாது ஆனா பேரிங் போயிரும், அந்தச் செலவு பெல்ட்ட விட ரொம்ப அதிகம். பெல்ட்ட இறுக்க கம்ப்ரஸர வெளிப்பக்கம் கம்பியால நெம்பும்போது, கம்பிய கம்ப்ரஸர் பாடில முட்டுக் கொடுக்காம பிராக்கெட்ல கொடுங்க.

எல்லாம் சரியா இருந்தும் ஏசி போட்டா கத்துதுன்னா கம்ப்ரஸர் கிளட்ச பாருங்க. சாண்டன் (கம்ப்ரஸர் கம்பெனி பேரு) டைப் கம்ப்ரஸர்ல முன் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல 0.4லேர்ந்து 0.8 எம்எம் இடைவெளி இருக்கணும், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) விட்டு சுத்தி மூணு இடத்துல பாருங்க. அதிகமா இருந்தா கிளட்ச் வழுக்கி தீஞ்ச வாசன வரும், தட்டு பின்னாடி இருக்க ஷிம்ம (மெல்லிய வாஷர்) கொறச்சு சரி பண்ணலாம். ஷிம் வேலைக்கு புல்லர் (தட்ட இழுத்து கழட்டுற கருவி) வேணும், இல்லாட்டி ஏசி மெக்கானிக்கிட்ட அத மட்டும் கொடுத்துருங்க.

கடைசியா பேட்டரிய மாட்டி, ஏசி போட்டு இருபது நிமிஷம் ஓடவிட்டு, ஆஃப் பண்ணி ஆறினதும் திரும்ப அமுக்கிப் பாருங்க. புது பெல்ட் காடில உக்காந்து கொஞ்சம் லூஸாகும். ஒரு முந்நூறு கிலோமீட்டர் ஓடினப்புறம் இன்னொரு தடவ பெல்ட்டையும் பிராக்கெட் போல்ட்டையும் டைட் பாத்துடுங்க.