கோயிலுக்கு உடுத்துவது எப்படி: சேலத்து வெயிலிலும் ஏற்காட்டுக் குளிரிலும்

ஞாயிறு காலை தேவாலயத்துக்குக் கிளம்புமுன் கண்ணாடி முன்னால் மூன்று காரியம் செய்து பாருங்கள். முழங்காலிட்டு எழுந்திருங்கள். குனிந்து தரையிலிருந்து ஒரு பொருளை எடுங்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். எங்காவது துணி ஏறினாலோ விலகினாலோ இறுகினாலோ அந்த உடுப்பு வேண்டாம். ஜெபிக்கிற நேரமெல்லாம் கை அதையே சரிசெய்துகொண்டிருக்கும், பின்னால் இருப்பவர் கண்ணும் அங்கேயே போகும். விலை உயர்ந்ததா, புதியதா என்பது இதற்குப் பிறகுதான். துவைத்து இஸ்திரி போட்ட பழைய காட்டன் சேலை போதும்.

சேலம் அரிசிப்பாளையம் குழந்தை இயேசு கத்தோலிக்கப் பேராலயத்தில் பூசைக்குப் போகிற பெண்கள் பூவும் பொட்டும் வைத்திருப்பது சகஜம். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் வெள்ளை உடுத்தி, நகையும் பூவும் இல்லாமல் வருவார்கள். பெண்கள் தலையை மூடாமல் ஜெபிப்பதில்லை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களில் இரண்டு வழக்கத்தையும் காணலாம். கத்தோலிக்கத் திருச்சபையில் 1917-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள் முக்காடிட வேண்டும் என்றது. 1983-இல் வந்த சட்டத் தொகுப்பில் அந்த விதி இல்லை. இருந்தும் நம் ஊர்ப் பெண்கள் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கும்போது முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்கிறார்கள். அது அழகான பழக்கம், விட்டுவிட வேண்டாம். வேறு சபைக்கு விருந்தாளியாகப் போனால் அங்கே உள்ள வழக்கத்தையே பின்பற்றுங்கள்.

முக்காடு நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் முந்தானை நீளம் போதாததுதான். கொசுவம் வைக்கும்போதே முந்தானையை வழக்கத்தைவிட ஒரு முழம் கூடுதலாக விடுங்கள். இடது தோளில் ஊக்கு குத்தும்போது கழுத்துப் பக்கம் நான்கு விரல் தளர்வு இருக்கட்டும். இறுக்கிக் குத்தினால் தலையைக் குனிந்ததும் முக்காடு பின்னால் போய்விடும். எண்ணெய் வைத்துச் சீவிய தலையில் ஷிபானும் சில்க் காட்டனும் நிற்காது. உச்சியில் உட்பக்கமாக ஒரு சிறு கிளிப் மாட்டுங்கள். மெல்லிய துணி ஊக்கின் சுருளுக்குள் மாட்டித்தான் கிழிகிறது. அதனால் ஊக்கைத் திறந்து முதலில் ஒரு பாசிமணியைக் கோத்து, அதைச் சுருள் வரை தள்ளிவிட்டு, அப்புறம் துணியில் குத்துங்கள். மணி தடுத்துக்கொள்ளும், துணி சுருளுக்குப் போகாது.

சேலை தரையைக் கூட்டாமல் ஒரு விரற்கடை மேலே நிற்கட்டும். முழங்காலிடுமுன் கொசுவத்தை லேசாகத் தூக்கிவிட்டுக்கொண்டு இறங்குங்கள். இல்லாவிட்டால் எழும்போது அது கால் பெருவிரலுக்கு அடியில் சிக்கி, இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு வரும். சுடிதாருக்குச் சால் இரண்டு தோளிலும் குத்தியிருக்க வேண்டும். லெக்கிங்ஸ் போட்டால் மேல்சட்டை முழங்கால் வரை வரட்டும், பக்கவாட்டு வெட்டு இடுப்பு வரை ஏறியிருக்கக் கூடாது. சத்தம் போடும் கொலுசை வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

ஆண்களுக்கு எட்டு முழ வேட்டியே நல்லது. நாலு முழம் ஒற்றைத் துணி. வாசல் வெளிச்சத்தில் நின்றால் கால் தெரியும். சேலம் வெண்பட்டு வேட்டி கண்ணுக்கு நிறைவு, ஆனால் இடுப்பில் வழுக்கும், அதற்கு பெல்ட் கட்டாயம். மடித்துக் கட்டிய வேட்டியை வெளி கேட்டிலேயே இறக்கிவிடுங்கள். பேன்ட், சட்டையில் தவறில்லை. முதுகில் வாசகம் எழுதிய டி-சர்ட் மட்டும் வேண்டாம். பின்வரிசைக்காரர் ஒரு மணி நேரம் அதைத்தான் படிப்பார்.

சேலத்தில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் கோடையும் சேர்ந்தே வருகின்றன. பெரிய வெள்ளி மதியச் சிலுவைப் பாதைக்கு வெளிர் நிற மெல்லிய துணி உடுத்தினால் வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டி உள்ளே எல்லாம் தெரியும். கொஞ்சம் கனமான காட்டன், உள்ளே ஷிம்மி, கையில் ஒரு துண்டு. அன்று பட்டும் பளிச்சென்ற நகையும் தவிர்ப்பது நம் ஊர் மரியாதை. ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் கவனம் இன்னும் வேண்டும்: எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி இருக்கும், நைலான் சால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு அன்று காட்டன் மட்டும். தொங்கும் சால் நுனிகளை முன்னால் முடிந்துவிடுங்கள்.

ஏற்காட்டில் கணக்கே வேறு. கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குக் கம்பளிச் சால்வை போர்த்துங்கள். பெண்களுக்கு அதுவே முக்காடாகவும் ஆகும். ஆண்கள் குரங்குக் குல்லாவையும் மப்ளரையும் வாசற்படியில் கழற்றிப் பைக்குள் வையுங்கள். ஆண் தலையை மூடிக்கொண்டு ஜெபிக்கலாகாது என்பது கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது. குளிர் தாங்காதவர்கள் ஸ்வெட்டருக்கு உள்ளே ஒரு பனியன் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். சேலத்திலிருந்து போகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறியபின் சேலையும் வயிறும் கசங்கித்தான் இறங்குவார்கள். மாற்றுத் துணியைப் பையில் வைத்து, மேலே போய் உடுத்துவது மேல். ஏரி பார்க்க அரைக்கால் சட்டையில் வந்தவருக்கும் கோயிலுக்குள் போக மனம் வரும். அப்படிப்பட்ட பயணத்தில் ஒரு வேட்டியும் ஒரு பெரிய சால்வையும் பையில் இருக்கட்டும்.

வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள்.

யாராவது பொருந்தாத உடையில் வந்துவிட்டால் முறைக்காதீர்கள், எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். அழுக்குத் துணியோடு வந்த ஏழையை ஓரமாக நிற்கச் சொல்லாதே என்று யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரமே கண்டிக்கிறது. வாசல் அருகே உள்ள அலமாரியில் துவைத்த காட்டன் சால்வைகள் நாலைந்து மடித்து வையுங்கள். பெண்ணுக்கு ஒரு பெண், “குளிரா இருக்கும்மா, இதைப் போர்த்திக்கோங்க” என்று கொடுத்து, தன் பக்கத்திலேயே உட்கார இடம் விடட்டும்.